ஏழு பட்டன்

கணவரின் வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் வரமாட்டேன் என்றது. பிணவறை ஊழியர் முழங்கையைப் பிடித்து மடக்க, அவள் துணியை இழுத்தாள். தோளில் தையல் லேசாக விட்டது.

"மெதுவாம்மா. துணி ரொம்ப மட்டம்," என்றார் ஊழியர்.

நடைபாதையில் எதை எடுத்தாலும் ஒரே விலை என்று கூவி விற்ற சட்டை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஆசையாக வாங்கிவந்து நீட்டியபோது, கணவர் அதை உள்பக்கம் திருப்பி, தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்து, "செத்தாலும் இதப் போட மாட்டேன்" என்றார். பிடிவாதக்காரர், சொன்னால் சொன்னதுதான். சட்டை உறைகூடப் பிரிக்காமல் அலமாரியின் அடியில் கிடந்தது.

அவரிடம் நல்ல சட்டை ஒன்றே ஒன்று. பத்து வருடத்துக்கு முன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. காலர் நைந்தபோது அவரே பிரித்து, திருப்பி வைத்துத் தைத்துக்கொண்டார். வாங்கிய புதிதிலும், கடைக்காரன் தைத்த பட்டன்களை எல்லாம் அறுத்துவிட்டுத் தன் கையால் தைத்த பிறகுதான் போட்டார். அவள் கேலி செய்தால், "வருஷத்துக்கு நாலு மட்டச் சட்டை வாங்குற அளவுக்கு எனக்கு வசதி இல்லடி" என்பார்.

காலையில் துணி எடுக்க வீட்டுக்கு ஓடியபோது, அவள் கை முதலில் அந்த நல்ல சட்டைக்குத்தான் போனது. எடுத்துக்கொண்டு திரும்பினால், மகன் கட்டிலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். நாளை மறுநாள் அவனுக்கு இன்டர்வியூ. ஒன்றரை வருடம் நாயாக அலைந்ததற்கு, கூப்பிட்டிருக்கிற ஒரே இடம். அப்பாவின் சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

"அப்பாவுக்கு அதையே போடும்மா. நான் இருக்கிறதப் போட்டுட்டுப் போயிடுவேன்."

"எது இருக்கு? அந்த முழங்கை கிழிஞ்சதா?"

 நல்ல சட்டையை மடித்து அவன் மடியில் வைத்துவிட்டு, அவள் அலமாரியின் அடியில் கையை விட்டாள்.

இப்போது மூன்றாவது பட்டனைப் போடும்போது அது கழன்று தரையில் உருண்டது.  இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்குக் கடைசியாக ஒரு நல்ல துணி போட வக்கில்லை.

"விடுங்கம்மா. மேல போர்வையப் போத்திடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"ஊசி நூல் இருக்குமா?"

ஊழியர் தயங்கினார். "இருக்கு. ஆனா அது சட்டை தைக்கிற நூல் இல்லம்மா. இங்க உள்ள வேலைக்கு வச்சிருக்கிறது."

"கெட்டியா இருக்குமா?"

"அதெல்லாம் இருக்கும்."

விழுந்த பட்டனைத் தேடி எடுத்து, நான்கு துளையிலும் இரண்டு சுற்று விட்டு, அவள் அதை அவர் நெஞ்சின் மேலேயே தைத்து முடித்தாள். பிறகு கழுத்தோரம் குனிந்து முதல் பட்டனைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அது நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"கடைக்காரன் தைச்சது," என்றாள். வெளியே மகன் வண்டிக்காரரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊழியர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினார். அறுத்த பட்டனை அதில் வைத்துவிட்டு, அவள் ஊசியில் நூல் கோத்தாள்.