லீவு நாளில் விழுந்த கையெழுத்து

மதுரங்குளியில் இறால் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் ஸுஹைரா தரப் பரிசோதகராக இருந்தாள். இறாலில், வளர்க்கும்போது போட்ட மருந்து மிச்சம் இல்லை என்று சோதித்து, கொம்பியூட்டரில் அவள் 'சரி' என்று பதிந்தால்தான் லொறி வெளிக்கிடும்.

ஒரு நாள் முகாமையாளர் ஜோர்ஜ் அவளுடைய மேசைக்கு வந்தார்.

"பிள்ள, தலைமை ஒபிஸால பாஸ்வேர்ட் பாதுகாப்புப் பரீட்சை ஒண்டு அனுப்பியிருக்காங்க. எனக்கு நேரமில்ல. என்ட பாஸ்வேர்ட்டப் போட்டு நீங்களே செஞ்சு விடுங்க."

'பாஸ்வேர்ட்டைப் பிறரிடம் சொல்லலாமா?' என்பதுதான் முதல் கேள்வி. 'கூடாது' என்று ஸுஹைரா அவருக்காக அமத்தினாள். ஜோர்ஜுக்கு நூற்றுக்கு நூறு. ஒபிஸே சிரித்தது. பக்கத்துக் கதிரை அஜித்தாவுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. ஆறு வருடமாக இருவரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள்.

இரண்டு கிழமை கழித்து ஸுஹைராவின் மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் நிற்கும்போது அஜித்தாவிடமிருந்து கோல் வந்தது.

"ஸுஹைராக்கா, பழைய றிப்போர்ட் ஒண்டு பார்க்கோணும். உங்கட பாஸ்வேர்ட்டச் சுருக்கா சொல்லுங்களன்."

மகளுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஸுஹைரா யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

மகள் சுகமாகி வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம், அஜித்தா கோல் எடுத்த அன்றைக்குப் போன இறால் முழுவதும் வெளிநாட்டில் நிராகரிக்கப்பட்டது. இறாலில் மருந்து இருந்தது. சோதனையே நடக்கவில்லை. ஆனால் கொம்பியூட்டரில் 'சரி' என்று இருந்தது, ஸுஹைராவின் பெயரில்.

விசாரித்தவர் ஜோர்ஜ்தான்.

"நான் அண்டைக்கு லீவு சேர். புள்ளையோட ஆஸ்பத்திரியில. அஜித்தாதான் கோல் எடுத்து பாஸ்வேர்ட் கேட்டா."

அஜித்தா தலை நிமிரவில்லை. "பிள்ளைக்கு எப்பிடி எண்டு கேக்கத்தான் எடுத்தன் சேர். பாஸ்வேர்ட்டப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

ஸுஹைராவுக்குப் பொறுக்கவில்லை. மகளின் காய்ச்சலைக்கூட இவள் சாட்டாக்கிவிட்டாளே!

லீவு எடுத்ததற்கு ஆதாரம் இருந்ததால் வேலை தப்பியது. ஆனால் பாஸ்வேர்ட்டைக் கொடுத்ததை அவளே ஒத்துக்கொண்டாள் அல்லவா? ஐஸ் அறையில் பெட்டி அடுக்க அனுப்பினார்கள். அவளுடைய பதவி அஜித்தாவுக்குப் போனது.

ஒரு மத்தியானம் அஜித்தா ஐஸ் அறை வாசலுக்கு வந்தாள்.

"லொறி பிந்தக் கூடாது, ஸுஹைராட பேர்ல போட்டு விடு எண்டு ஜோர்ஜ் சேர்தான் சொன்னார். எனக்கும் குடும்பம் இருக்குக்கா. மனசில வெச்சுக்காதீங்க."

"இத அண்டைக்கு விசாரணையில சொன்னியா?"

அஜித்தா திரும்பிப் போகப் பார்த்தாள்.

"நீ செஞ்ச துரோகத்துக்கு நீ பதில் சொல்லு. என்ட பிழைக்கு நான் பதில் சொல்லிட்டன்," என்றாள் ஸுஹைரா. "பாஸ்வேர்ட் எண்டது நம்மட கையெழுத்து. வெறுங்கடதாசியில கையெழுத்து வெச்சுக் குடுத்தா, நாம நம்பினவளும் என்ன வேணுமெண்டாலும் எழுதுவா. கூடப்பிறந்தவளா இருந்தாலும் குடுக்கக் கூடாது."