அளவுகோலின் பெரிய எண்கள்

மழை எவ்வளவு பெய்தது, மண் எவ்வளவு குடித்தது, வெயில் எவ்வளவு உறிஞ்சியது என்று கொடுத்தால், மிச்சம் ஆற்றில் எவ்வளவு ஓடும் என்பதை அவள் கணினியில் உருவாக்கிய மாதிரி, அந்த ‘மாடல்’, சொல்லிவிடும். பத்து வருடத்துக்கும் மேலாக அதன் விடை ஆற்றோடு ஒத்துப்போனது. கடைசி ஏழு மாதம் மட்டும் முரண்டு பிடித்தது. பதிவேட்டில் நீர்மட்டம், மாதிரி சொன்னதைவிட சராசரியாக ஐந்து சென்டிமீட்டர் அதிகம். ஏனென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தினமும் பாலத்தடியில் ஆற்றின் மட்டம் பார்த்துப் பதிவேடு எழுதியவன் அவளுடைய அண்ணன். அவன் இறந்து ஆறு வாரம் ஆகிறது.

“அந்த ஏழு மாசத்தைத் தூக்கிப் போடும்மா,” என்றார் பக்கத்து மேசைப் பொறியாளர். “வீட்ல உக்காந்தே எழுதியிருப்பார்.”

“அவனுக்குப் பொய் சொல்ல வராது சார். சீட்டாட்டத்துலயே மூஞ்சி காட்டிக்கொடுத்துரும்.”

தூக்கிப் போடவும் முடியாது. அதுதான் இருப்பதிலேயே வறண்ட காலம். அது இல்லாவிட்டால் மாதிரிக்குப் பஞ்சம் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படியே வைத்தாலோ, இல்லாத தண்ணீரை நகரத்துக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிடும்.

பதிவேட்டைப் புரட்டினாள். முன்பெல்லாம் 47, 52, 38. கடைசி ஏழு மாதம் 50, 50, 40.

பாலத்துக்குப் போனாள். ஆற்றில் நட்ட அளவுகோலின் சின்னக் கோடுகளைப் படிக்க, செங்குத்தான படிகளில் கீழே இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால், பத்துக்கு ஒன்றாக எழுதிய பெரிய எண்கள்தான் தெரிந்தன. அதிலும் தண்ணீருக்கு மேலே நிற்பவை மட்டும்.

அண்ணன் இருந்தவரை தினமும் சாயங்காலம் போனில், “இறங்கிப் பாத்தியாண்ணா?” என்பாள்.

“பாக்காம? நீ கம்ப்யூட்டர்ல ஆறு ஓட்டு தாயே, நிஜத்தை நான் பாத்துக்கறேன்.”

“ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“படி ஏறி வந்தேன்ல, அதான்.”

அந்த ஒரு பொய் மட்டும் அவனுக்கு வந்திருக்கிறது. இறங்கி ஏற இதயத்தில் தெம்பில்லாதவன், ஒரு நாள் தவறாமல் பாலம்வரை வந்து தண்ணீருக்கு மேலே தெரிந்த முதல் பெரிய எண்ணை எழுதியிருக்கிறான். அவளோ ஆற்றின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வைத்திருக்கிறாள். கைப்பிடிச் சுவரில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் ஏழு மாதத்தையும் மாதிரிக்குள் வைத்தாள். ஐம்பது என்றிருந்தால் நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள் என்று கொள்ளச் சொன்னாள். விடை அந்த இடைவெளிக்குள் விழுந்தால் சரி, வெளியே போனால்தான் பிழை. இருநூற்றுப் பன்னிரண்டு நாளில் இருநூற்று மூன்று நாள் உள்ளே விழுந்தன. வறண்ட மாதங்களில் நகரம் எடுக்கக்கூடிய தண்ணீர், பதிவேட்டை அப்படியே நம்பினால் வருவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.