பிந்தி வந்த சிரிப்பு

தம்பிக்குக் கண் போனது ஒரே நாளில் அல்ல. கைக்கடிகாரம் பழுது பார்ப்பது அவன் தொழில். முதலில் நொடிமுள் மங்கியது, பிறகு நிமிடமுள், கடைசியில் கடிகாரமே விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் விழுங்கியிருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. கடையைக் காலி செய்த அன்றுகூட அவன் கண்கலங்கவில்லை. "இனிமே தெருவுல போறவன் எவனும் என்கிட்ட மணி கேக்க மாட்டான். நிம்மதி" என்றான்.

அவன் உடைந்துபோனது அதற்குப் பிறகு, நகராட்சி நாடக அரங்கில்.

இருவருக்கும் சிறு வயதிலிருந்தே நாடகப் பைத்தியம். அரங்கில் டிக்கெட் மலிவு. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. தம்பி மனைவிக்கு நாடகம் என்றால் கொட்டாவி. அதனால் ஞாயிறு மாலை அக்காவும் தம்பியும் மட்டும்தான் போவார்கள். பார்வை முழுதாகப் போனபின் போன முதல் நாடகத்தில், கதாநாயகி ஒரு வார்த்தையும் பேசாமல் தாலாட்டும் தொட்டிலை அவிழ்த்து மடித்து வைத்தாள். அரங்கமே உச்சுக்கொட்டியது. "என்னக்கா ஆச்சு?" என்று அவன் கேட்டான். அக்கா சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. இடைவேளையில் அவன் வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். தோள்கள் குலுங்கின.

அதைப் பார்த்தவர் அரங்கத்து மேனேஜர். அதிகம் பேசாத மனிதர். அவர் நகராட்சியின் பின்னாலேயே நடையாய் நடந்து ஒரு மானியம் வாங்கினார். அரங்கின் பின்பகுதியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை எழும்பியது. உள்ளே ஒரு மைக். பார்வையில்லாதவர்கள் காதில் மாட்டிக்கொள்ளச் சில இயர்போன்கள். மேடையில் நடப்பதை ஒருவர் மெல்லச் சொல்ல வேண்டும்.

"நீங்க ஸ்கூல்ல புவியியல் டீச்சர்தானே" என்றார் மேனேஜர் அக்காவிடம். "பாக்காத மலையையும் ஆத்தையும் பிள்ளைங்களுக்குக் காட்டுறீங்க. இதையும் காட்டுங்க."

ஆரம்பத்தில் அவள் சொதப்பினாள். பார்த்ததையெல்லாம் கொட்டினாள். "அக்கா, அந்த நடிகனை நீ மூச்சுவிட விடமாட்டேங்குற" என்றான் தம்பி. "அவன் வாயை மூடினாத்தான் நீ வாயைத் திறக்கணும்." அவள் ஒத்திகைகளுக்குப் போய் உட்கார்ந்தாள். எங்கே மௌனம் வரும் என்று தெரிந்துகொண்டாள். 'அரசர் வருத்தமாக இருக்கிறார்' என்று சொல்வதை விட்டாள். 'அரசர் மோதிரத்தைக் கழற்றி மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார்' என்று சொன்னாள். வருத்தத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

கேட்பவர்கள் கூடினார்கள். பணி ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டரம்மா ஒருத்தி, எப்போதும் இஸ்திரி கலையாத புடவையில் வருவாள். பிறகு மருத்துவமனை மசாஜ்காரர், கல்லூரியில் படிக்கும் இரட்டைச் சகோதரிகள், இன்னும் சிலர். அவர்களை ஒரே வரிசையில் உட்கார வைக்கப் பார்த்தபோது தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களை மூட்டை மாதிரி ஒரே மூலையில அடுக்காதீங்க. கூட்டத்துக்கு நடுவுல விடுங்க."

ஒரு நகைச்சுவை நாடகத்தில், கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த கணக்குப்பிள்ளையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அவள் எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட்டாள். சொல்லும்போதே அடக்கமுடியாமல் சிரித்தும்விட்டாள். அரங்கத்தில் அங்கங்கே இயர்போன் மாட்டிய சிலர் மட்டும் சிரிக்க, மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் காலைக் கவனித்துச் சிரித்தார்கள். "ஊருக்கே நாங்கதான் இன்னைக்குக் காலைக் காட்டிக் கொடுத்தோம்" என்று தம்பி பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். கண் இருந்த காலத்தில்கூட அவனை அவ்வளவு சந்தோஷமாக அக்கா பார்த்ததில்லை.

பிறகு புது நகராட்சிக் குழு வந்தது. அரங்கத்தின் கூரை ஒழுகியது. கூரைக்குப் பணம் வேண்டும், மற்ற செலவெல்லாம் நிற்கட்டும் என்றார்கள். கண்ணாடி அறை இருந்த இடத்தில், கூடுதல் கட்டணம் தருபவர்களுக்குச் சாய்வு நாற்காலிகள் போடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். மேனேஜர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நகராட்சிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம் என்றிருந்தது. அக்காவும் தம்பியும் போனார்கள்.

"எனக்குச் சம்பளம் வேண்டாங்க. சும்மாவே செய்றேன்" என்றாள் அக்கா.

"உங்க சம்பளம் இல்லம்மா பிரச்சினை" என்றார் கலைப் பிரிவைக் கவனித்த பெண் கவுன்சிலர். குரலில் அலட்சியம் இல்லை. "கருவிக்கு வாடகை இருக்கு. ரிப்பேர் இருக்கு. வர்றவங்க கைவிரல் விட்டு எண்ற அளவுதான். கூரை இடிஞ்சா யாருக்குமே நாடகம் கிடையாது. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "ரேடியோவுல நல்ல நாடகமெல்லாம் வருதே தம்பி. வீட்டுலயே சௌகரியமா கேக்கலாமே."

"கேக்கலாம் மேடம்" என்றான் அவன். எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை தயாராய் வைத்திருப்பவன், மைக்கைப் பிடித்தபடி நின்றான். அக்காதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

அறையைப் பிரித்தபின் முதல் ஞாயிறு, அவள் விடவில்லை. "வாடா, பக்கத்துல உக்காந்து காதுல சொல்றேன். இதுக்கு யாரைக் கேக்கணும்?"

விளக்கு அணைந்தது. அவள் கிசுகிசுத்தாள். முன்வரிசைப் பெண் ஒருமுறை திரும்பினாள், மறுபடி திரும்பினாள். பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, நாங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அக்கா குரலை இன்னும் தாழ்த்தினாள். தாழ்த்தத் தாழ்த்த அது அவளுக்கே கேட்கவில்லை. தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "போதும்க்கா. நீ பாரு. எனக்கு வசனம் புரியுது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மேடையில் இருவர் பேசாமல் ஏதோ சேட்டை செய்தார்கள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரத்தில் பக்கத்தில் தம்பி சிரித்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவள் மனம் நோகக் கூடாதென்று, எல்லோரும் சிரித்து முடித்தபின் ஒரு நொடி பிந்திச் சிரித்தான். அடுத்த முறையும் அப்படியே. இருட்டில் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கு ஒரு வேலை வந்தது. ஒருநாள் தலைவலி. ஒருநாள் சம்பந்தி வீட்டார் வருகை. அவள் விடாமல் அவன் வீட்டுக்குப் போய், பார்த்த நாடகத்தைக் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பம் முதல் சொன்னாள். அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டான். விருந்தாளியின் பேச்சைக் கேட்பதுபோல.

"நல்லா சொல்றக்கா" என்றான் ஒருநாள். "ஆனா விட்டுடு. எனக்குக் கதை தெரிஞ்சுக்கணும்னு இல்ல. நாலு பேர் சிரிக்கும்போது கூடவே சிரிக்கணும். அவ்வளவுதான். அதை நீ வீட்டுக்குக் கொண்டுவர முடியாது."

உள்ளே தம்பி மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

மற்றவர்களும் சிதறிப்போனார்கள். டெலிபோன் ஆபரேட்டரம்மா இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமல் விட்டதல்ல. அரங்கத்தைத் தவிர அவர்கள் சந்திக்க வேறு இடம் இருக்கவில்லை, சொல்லியனுப்ப ஆளும் இருக்கவில்லை.

கூரை நன்றாகவே போட்டார்கள். புது நாடகத்துக்கு மேனேஜர் அவளுக்கு ஒரு டிக்கெட் கொடுத்தனுப்பினார். போகக் கூடாதென்று இருந்தவள், ஞாயிறு மாலை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போனாள். நல்ல நாடகம். ஒரு கிழவர் தன் செருப்பைத் தேடும் காட்சியில் ஜனங்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அவள் உதடுகள் தானாக அசைந்துகொண்டிருந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மாதிரி பார்த்தபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது தம்பி போன் செய்தான்.

"எங்கக்கா இருக்க? பஸ் சத்தம் கேக்குது."

பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. "நாடகத்துக்கு வந்தேன்டா."

"கூட்டமா?"

"நெறைய."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கடா."

"நீ சிரிச்சியா?"

பேருந்து வந்து நின்றது. ஏறுபவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் போனைக் காதோடு அழுத்தியபடி அங்கேயே நின்றாள். பேருந்து கிளம்பிப் போனது.

"சரிக்கா" என்றான் அவன். "பாத்து வீட்டுக்குப் போ."