தக்ஷாயினி நட்டது மிதந்தது

1.

இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டது ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை என் சின்னம்மாவின் மகள் தக்ஷாயினி வந்தாள். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில் வேலை செய்கிறவள். செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணன், எனக்கொரு வரவேற்புப் பேச்சு எழுதித் தாங்க. பொய் இரிக்கப்படா. உண்மையும் இரிக்கப்படா."

இரண்டும் இல்லாமல் எழுத எனக்குக் கதை மட்டும்தான் தெரியும்.

2.

முதல் தொடக்கம்: "வாவியின் மேல் நிலவு மெல்ல" (வேண்டாம். கதை முழுக்கப் பகலில் நடக்கிறது. வாவி என் வீட்டு யன்னலில் தெரிகிறது என்பதைத் தவிர அதற்கு இங்கே வேலையில்லை.)

இரண்டாவது: "உலகமயச் சூழலில் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பது" (எவ்வளவு தேடியும் இந்த வாக்கியத்துக்கு முடிவு கிடைக்கவில்லை. நடுவழியில் இறக்கிவிட்டேன்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

3.

அந்தக் கம்பனி வருடாவருடம் ஊழியர் சிலரைத் தொண்டு செய்ய வெளிநாட்டுக்கு அனுப்பும். இந்த ஆனியில் தக்ஷாயினி நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றுக்குப் போனாள், விவசாயப் பெண்களுக்குக் கணினி பழக்க. அங்கே அப்போது நடுகைக் காலம். வகுப்புக்கு வந்தது ஓர் ஆடு மட்டும்.*

(* ஆடு என் கைச்சரக்கு. ஒருவரும் வரவில்லை என்றுதான் அவள் சொன்னாள். வெறும் அறையை விட ஆடு நின்றால் வாசிக்க நன்றாக இருக்கும்.)

சும்மா இருக்க அவளால் முடியாது. வெல்லாவெளிக்காரி, வயலுக்குள் வளர்ந்தவள். தங்கியிருந்த வீட்டுக்காரி சுன்மாயாவுக்கும் இவள் வயதுதான். அவளிடம் அரைகுறை ஹிந்தியிலும் முழுக் கையசைவிலும் தன் அப்பாவின் வயல் பெருமையை அளந்துவிட்டாள். அவளும் நம்பி, இவளை வரிசையின் நடுவில் நிறுத்தி, கையில் நாற்றுக்கட்டைத் திணித்தாள்.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. எங்கள் வயல் வட்டையில் யாரும் நாற்று நடுவதில்லை. சேற்றில் விதையை அள்ளி எறிவதுதான் வழக்கம். அதையும் எறிந்தவர் அப்பா. இவள் வரம்பில் நின்று தேத்தண்ணி கொடுத்தவள்.

நட்டாள். நட்டதெல்லாம் மிதந்தது. பின்னால் வந்த சுன்மாயா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திருப்பி நட்டாள், விழுந்து விழுந்து சிரித்தபடி. கடைசியில் இவளை நாற்றுக்கட்டுச் சுமக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"அந்த ரெண்டு கிழமையும் சிரிச்ச மாதிரி நான் ஒருநாளும் சிரிச்சதில்ல, அண்ணன்."

ஆனால் நாற்று மிதக்க முன்னமே, கூடப் போன கம்பனிப் படப்பிடிப்பாளர் படத்தை எடுத்துவிட்டிருந்தார்.

4.

படம் பெரிதாகி அலுவலகச் சுவரில் ஏறியது. கீழே: "நேபாளப் பெண்களுக்கு நாற்று நடக் கற்றுக்கொடுக்கிறார் எமது தக்ஷாயினி."

மறுத்திருக்கலாம். ஆனால் முகாமையாளர் பதியுதீன் சேர் கேக் ஊட்டிவிட்டாராம். வாய்க்குள் கேக்கை வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது? (இந்த நியாயத்தை நான் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.) படம் கொழும்புத் தலைமையகத்துக்குப் போனது. கொழும்பு உருகிப்போனது. அதனால் வருகிற புதன்கிழமை சுன்மாயா கம்பனிச் செலவில் வெல்லாவெளிக்கு வருகிறாள், தக்ஷாயினியின் ஊரிலேயே நடுகையை மேலும் கற்க. பார்க்கப் பணிப்பாளர்களும் வருகிறார்கள்.

"நான் நட்டதையெல்லாம் திருப்பி நட்டவ அவதான். அவவை மேடையில இருத்திவெச்சு, நான் படிப்பிச்சனான் எண்டு சொல்லுறதா?"

சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கும் சங்கடமாகிவிட்டது. கதையிலிருந்து ஆட்டை அடித்துவிடலாமா என்று கூட யோசித்தேன்.

5.

முடிவு அ: மேடையில் உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். (தக்ஷாயினி: "தட்டமாட்டாங்க. பதியுதீன் சேர் மயங்கி விழுவார்.")

முடிவு ஆ: புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ("சுன்மாயா வீட்டுக்கே வந்து கஞ்சி காய்ச்சுவா.")

முடிவு இ: அப்பா விதைக்கும்போது ஒரு மூலையை விட்டுவைக்கிறார். எல்லோர் முன்னிலும் இவள் நடுகிறாள். மிதக்கிறது. சுன்மாயா வந்து திருப்பி நடுகிறாள். பேச்சுக்கே தேவையில்லை!

இது இருவருக்கும் பிடித்துப்போயிற்று. உடனே அவளுடைய அப்பா யோகராசாவுக்கு அழைத்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லம் மனே. நாத்து எங்க இரிக்கு?"

நாற்று வளர மூன்று கிழமையாவது வேண்டும். இடையில் இருப்பது இரண்டு நாள். எங்கள் இருவர் மண்டைக்கும் அதுவரை அது எட்டவேயில்லை. கதையில் என்றால் அரை வரியில் வளர்த்துவிடலாம் என்று தொடங்கினேன்: "நாற்றுகள் பச்சைப்பசேலென்று"

பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

6.

அடுத்த நாள் வயலுக்குப் போனோம். யோகராசா சித்தப்பா விதை எறிந்துகொண்டிருந்தார். தக்ஷாயினி வரம்பில் நின்று சுன்மாயாவுக்கு வீடியோ அழைப்பெடுத்து, கமராவை அவர் பக்கம் திருப்பினாள். மறுமுனையில் ஏதோ கேள்வி.

"குருவிக்குத் தீன் போடுறாரா எண்டு கேக்கிறா."

இல்லை, எங்கள் ஊரில் இதுதான் விதைப்பு, நாங்கள் நடுவதேயில்லை என்று இவள் கையாலும் வாயாலும் விளக்கினாள். சற்று நேரம் திரையில் வானம் மட்டும் தெரிந்தது. சுன்மாயா சிரித்த சிரிப்பில் போன் கையை விட்டுப் போயிருந்தது. பிறகு முகம் வந்தது. எறிவது போலக் கையை வீசிக் காட்டினாள்.

"தனக்கும் எறியத் தரட்டாம். அப்பா, அந்த மூலை புதனுக்கு இரிக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் எறிவம். மறுகா நீங்க வந்து சரிப்படுத்துங்க." பிறகு என்னிடம், "பேச்சு வேணாம் அண்ணன். படமெடுக்கிறவரும் வரட்டும். இந்தமுறை படத்துக்குக் கீழ எழுதப்போறது நான்."

"என்ன எழுதுவாய்?"

பதியுதீன் சேர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் சுருங்கியது. "புதனுக்குப் பாப்பம்."

7.

இன்று செவ்வாய். கதையை இன்றைக்கே பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும், ஆகவே நாளைய படத்தை மட்டும் நானே எழுத்தில் எடுத்துவிடுகிறேன். சேற்றில் இரண்டு பெண்கள். விதையெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. பின்னால் சித்தப்பா தலையில் கைவைத்து நிற்கிறார். (ஆடும் நிற்கட்டும்.) கீழே:

........................................

அவளுக்குப் பயம் பிடித்தால் கைகொடுக்க, நீங்களும் ஒன்று எழுதி வையுங்கள். "கற்றுக்கொடுக்கிறார்" என்ற சொல் மட்டும் வேண்டாம். அதை ஏற்கெனவே ஒரு தடவை நட்டுப் பார்த்தாயிற்று.