குளிப்பாட்டும்போது கண்டது

“அங்கயே குளிப்பாட்டி, கஃபன் துணியும் சுத்தித்தான் அனுப்பிருக்காங்க. சீல் வச்ச பெட்டிய இப்ப எதுக்குத் தொறக்கணும்?”

“யாரு குளிப்பாட்டுனா?”

“ஆஸ்பத்திரிலதான்.”

“ஆள் யாருன்னு கேட்டேன், மச்சான்.”

அல் அமீன் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டான். கேள்வி கேட்ட ஷாஹினாவுக்கு அவன் தாய்மாமன் மகன். நாகல் நகரில் ஒரு மாடியறையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஷாஹினாவின் தங்கை நுஸைபாவை மலேசியாவுக்கு, செல்போன் செய்யும் கம்பெனிக்கு அனுப்பியவன் அவன். இன்று காலை திருச்சி விமான நிலையத்திலிருந்து அவளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியவனும் அவன்தான்.

கூடத்தில் இரண்டு பெஞ்சுகளின் மேல் பெட்டி இருந்தது. அதைச் சுற்றிச் சாக்குத்துணி தைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த தாளில் நுஸைபாவின் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது. எடை எண்பத்தாறு கிலோ என்று போட்டிருந்தது. அதில் தங்கை எவ்வளவு, மரம் எவ்வளவு என்று ஷாஹினாவின் மனம் சம்பந்தமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது. அதற்குள் பெண்ணைப் பெற்றவர் என்று அத்தா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றான் அமீன். தூக்கத்தில் மாரடைப்பு, வேலைக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, கம்பெனி மேல் குடும்பத்துக்குப் புகார் இல்லை. இது போனால்தான் அங்கே ஃபைலை மூடுவார்களாம். அவன் கெட்டவன் இல்லை. விடியும்வரை கார்கோ வாசலில் நின்று கண் சிவந்து வந்திருந்தான். ஆனால் அடுத்த மாதம் அதே கம்பெனிக்குப் பதினோரு பெண்களை அனுப்பப்போகிறவனும் அவன்தான். எதிர்வீட்டு இஃப்பத்தும் அதில் ஒருத்தி.

“குளிப்பாட்டாம அவள இங்கேர்ந்து எடுக்க விடமாட்டேன்,” என்றாள் ஷாஹினா.

அத்தா பீர் முகமது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சரி என்று தலையை மட்டும் அசைத்தார். அமீன் ஸ்பேனர் தேடப் போனான்.

சைதூனம்மா வந்தார். பேட்டையில் ஒரு பெண் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்ட முப்பது வருடமாக அவர்தான். ஷாஹினாவின் அம்மாவையும் அவர்தான் குளிப்பாட்டினார். கொல்லையில் நாலு பக்கமும் வேட்டி கட்டி, பள்ளிவாசல் பலகையைப் போட்டு, இலந்தை இலை கொதித்த தண்ணீரை விளாவி வைத்தார். ஷாஹினா இடுப்பில் செருகியிருந்த போனைப் பார்த்து, “மையித்தப் படம் எடுக்கக் கூடாது, அத வெளிய வச்சுட்டு வா,” என்றார். ஷாஹினா ஒரு கணம் தயங்கினாள். பிறகு வெளியே போய் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள்.

பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் கிடத்தியபோது கஃபன் சுற்றியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வெள்ளைத் துணிதான். நெஞ்சில் தையல் இருந்தது. முகம் மட்டும் நுஸைபாவாகவே, எதையோ சொல்ல வந்து மறந்தது போல இருந்தது.

சைதூனம்மா வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார். வலது கையைத் தூக்கிய ஷாஹினா அதைக் கீழே வைக்கவில்லை. மணிக்கட்டுவரை தோல் வெளுத்து, அடுக்கடுக்காக உரிந்திருந்தது. விரல்நுனிகளில் ரேகையே இல்லை. மழமழவென்று கண்ணாடி மாதிரி இருந்தன.

போன் ஸ்கிரீனைத் துடைப்பதுதான் நுஸைபாவின் வேலை. ஒரு பாட்டிலில் ரசாயன மருந்து, சட்டென்று காய்ந்துவிடும். தூசி வரக்கூடாது என்று ஜன்னலே இல்லாத கூடம். நின்றபடி பன்னிரண்டு மணி நேரம். வருகைப் பதிவு மெஷின் பெருவிரலை ஏற்கவில்லை என்று ஒருநாள் போனில் சிரித்தாள். “நான் வந்துட்டேன்னா மெஷின் நம்ப மாட்டேங்குதுக்கா. நீ வந்து சாட்சி சொல்லேன்.” ஷாஹினாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு கால் மரத்துப்போகிறது என்றாள். செருப்பு கழன்று பின்னால் கிடப்பதே தெரியவில்லை, கூட இருப்பவள் எடுத்துத் தருகிறாள் என்றாள். வேறு பிரிவு கேட்டிருக்கிறாள், கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொள் என்று ஷாஹினாதான் சொன்னாள்.

கால்களுக்கு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை, குச்சியாக இருந்தது. எலும்போரமாகக் கன்றிப்போன காயங்கள். சில கறுத்தும், சில பச்சை நிறமாகவும், சில மஞ்சளாகியும் இருந்தன. மரத்த கால் தெரியாமல் இடித்துக்கொண்டவை, ஒரே நாளில் விழுந்தவை அல்ல. சைதூனம்மாவின் கை அங்கே நின்றது. இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டு, ஏற்கெனவே ஊற்றிய இடத்திலேயே மறுபடி மெதுவாக ஊற்றினார். அவர் பார்த்துவிட்டார் என்பதை ஷாஹினா பார்த்தாள்.

“மையித்துகிட்டப் பாத்தது மையித்தோட போயிரணும்,” என்றார் சைதூனம்மா, அவளைப் பார்க்காமல்.

ஷாஹினா தங்கையின் கால்விரல்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

கஃபனின் ஐந்து துணியும் சுற்றி, முகம் பார்க்க அத்தாவை அழைத்தபோது அவள் அவர் காதருகே குனிந்து கண்டதையெல்லாம் சொன்னாள். பீர் முகமது முப்பத்தைந்து வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வெரல்நுனி மட்டுமா, மணிக்கட்டு வரைக்குமா?” மணிக்கட்டு வரைக்கும் என்றாள். அவர் வாசலுக்குப் போய் அமீனிடமிருந்து காகிதத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேனாவை வாங்கவில்லை.

அமீன் ஷாஹினாவிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினான்.

“நீ என்ன டாக்டரா?”

“இல்ல. அக்கா.”

“அதான் சொல்றேன். அக்கா அப்படித்தான் சொல்லும்பாங்க. எவன் நம்புவான்? அம்புட்டுச் சந்தேகம்னா போலீசுக்குப் போ, மறுபடி அறுப்பாங்க.”

ஒருமுறை அறுத்தது போதும், இன்னொரு தடவை விடமாட்டேன் என்று அத்தா வாசலிலிருந்தே சொன்னார். ஷாஹினாவாலும் அது முடியாது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தக் கைகள் மண்ணுக்குள் போய்விடும். பிறகு அவற்றைக் கண்டவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தியின் பேச்சு எடுபடாது என்று அமீனே சொல்லிவிட்டான்.

நுஸைபாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். கலிமா சொல்லிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் இஃப்பத் முக்காடிட்டு நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. மெடிக்கல் டெஸ்ட் முடிந்து, அமீனிடம் பாஸ்போர்ட்டும் கொடுத்தாகிவிட்டது.

ஷாஹினா கொல்லைக்குப் போனாள். சைதூனம்மா பலகையைச் சாய்த்து வைத்து, விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷாஹினா தண்ணீர் ஊற்றினாள்.  இலந்தை இலைகள் சாக்கடை வாயில் அடைத்துக்கொண்டன. சைதூனம்மா குனிந்து கையால் அள்ளிப் போட்டார்.

“மார்க்கத்துல மையித்தோட கொறையத்தான மறைக்கச் சொல்லிருக்கு?” என்றாள் ஷாஹினா.

சைதூனம்மா மறுபடி பலகையைத் தேய்த்தார்.

“அது அவ கொறையா?”

விளக்குமாறு நின்றது. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஷாஹினா செம்பை வைத்துவிட்டு அவருக்கு எதிரே ஈரத்தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். 

“சாயங்காலம் அசர் தொழுகைக்கு மேல ஜமாஅத் ஆபீஸ்ல அந்தக் கையெழுத்து விஷயமா அத்தாவும் அமீன் மச்சானும் உக்கார்றாங்க. இஃப்பத்தோட அத்தாவையும் நான் வரச் சொல்லப்போறேன். நீங்க முன்னாடி வர வேண்டாம், யார் பேரையும் சொல்ல வேண்டாம். கதவுக்குப் பின்னாடி நின்னு, கையில பாத்ததையும் கால்ல பாத்ததையும் மட்டும் சொல்லிருங்க, சைதூனம்மா.”