பின் சீட்டுக் குரல்

தொண்டையில் துளை போட்டால் காதும் கேட்காமல் போய்விடும் என்று இந்த உலகத்துக்கு யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. தெரிந்தால் பிரேக்கம்மா அந்த ஆளை நேரில் போய்ப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள், அந்த நாலு வார்த்தைக்கும் மூச்சு மிச்சம் இருந்தால். மருந்துக்கடைக்காரர் அவளிடம் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திப் பேசினார். மேல்வீட்டுக்காரி கையை ஆட்டி ஜாடையில் பேசினாள். அவள் குரல் சன்னமாக வருவதைக் கேட்டுத் தாங்களும் ரகசியம் போலக் கிசுகிசுக்கிறவர்கள் இன்னொரு ரகம். "நீங்க ஏன் மெதுவாப் பேசுறீங்க? தொண்டை எனக்குத்தானே போச்சு?" என்று ஒரு நாள் பால்காரரிடம் கேட்டே விட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சரிம்மா, நான் யார்கிட்டயும் சொல்லல" என்று இன்னும் மெதுவாகச் சொன்னார்.

அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். டிரைவிங் ஸ்கூல் காரில், ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இன்னொரு பிரேக்கும் கிளட்ச்சுமாக உட்கார்ந்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவள். அவள் "பிரேக்கு" என்று போடும் சத்தத்தில், பழகுகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிற சைக்கிள்காரரும் காலை ஊன்றி நின்றுவிடுவார். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவளுக்கு, வாய் வழியாகக் குழாய் விட்டு நாள்கணக்கில் செயற்கை மூச்சு கொடுத்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தபின் குழாய் உரசிய இடம் தழும்பாகி மூச்சுவழி உள்ளுக்குள்ளேயே சுருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை கழுத்தின் அடியில் துளை போட்டு, வளைந்த சின்னக் குழாய் ஒன்றைச் செருகி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மூச்செல்லாம் கழுத்து வழியாகத்தான். மூக்கு சும்மா முகத்துக்கு அழகாக இருந்தது. காபியை ஊதிக் குடிக்க முடியாது. அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் புகை கண்ணில் பட்டால்தான் தெரியும். உள்குழாயைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும், சளி கட்டினால் மிஷின் வைத்து உறிஞ்ச வேண்டும்.

பேசுவதற்கென்று ஒரு வால்வு கொடுத்திருந்தார்கள். கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் குழாய் வாயில் மாட்டிக்கொண்டால், உள்ளே இழுக்கிற காற்று கழுத்து வழியாக வரும். வெளியே விடுகிற காற்று தொண்டைக்கு ஏறிக் குரலாகும். மூடி இல்லாத நேரத்தில் துளையை விரலால் அடைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பலமாக இருமினால் மூடி தெறித்து ஓடிவிடும். நூல் கட்டிச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னதற்கு, "நான் என்ன ஆட்டுக்குட்டியா, கட்டிப்போட?" என்று மறுத்துவிட்டாள். வாய் அடங்கினாலும் வீம்பு அடங்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு வேலைக்குத் திரும்பியவளை, ஸ்கூலை நடத்துகிற முதலாளிப் பையன் எங்கே உட்கார வைத்தான் தெரியுமா? ஃபோனில். "வெயில்ல அலையாதீங்கக்கா. உக்காந்து பேசுற வேலைதானே" என்றான். பேசுவதற்குத்தான் வழியில்லை என்று கழுத்தில் குழாயோடு நிற்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் மூச்சை இழுத்து "டிரைவிங் ஸ்கூல்" என்று முடிப்பதற்குள் பாதிப் பேர் ஃபோனை வைத்துவிட்டார்கள். மீதிப் பேர், யாரோ விளையாடுகிறார்கள் என்று திட்டிவிட்டு வைத்தார்கள். ஒரு அம்மாள் மட்டும், "பாவம், யாரோ கிணத்துல விழுந்துட்டாங்க போல" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் முதலாளி மேஜை முன் போய் நின்று, கையை நீட்டி, "சாவி" என்றாள். ஒரே வார்த்தை. அவள் இளைத்தவுடன் இரக்கப்பட்டவன், முறைத்தவுடன் பயந்துவிட்டான். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டான். ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் லைசென்ஸ் வாங்கும்வரை வம்பு எதுவும் வரக்கூடாது. வந்தால் அவள் காரை மறந்துவிட வேண்டும். அதுவரை பின் சீட்டில் மாமா உட்கார்ந்து, அக்கா சொல்வதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாமா என்றது அவள் கணவரை.

இங்கேதான் அவளுக்கு ரத்தம் கொதித்தது. அவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் உதட்டில் விரலை வைத்து "உஷ்" சொல்லியே சம்பளம் வாங்கியவர். கார் ஓட்டத் தெரியாது, கோபப்படவும் தெரியாது. அவரைப் போய் அவளுக்குக் குரலாக வைத்தால் உருப்படுமா?

பழக வந்தவர் கேக் கடைக்காரர். தங்கமான மனிதர்தான், ஆனால் வாய் ஓயாது. அதைவிடப் பெரிய குறை, யாரிடம் பேசுகிறாரோ அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அதிலும் அவள் முகத்தை அல்ல, கழுத்துக் குழாயைப் பார்த்து.

"மேடம், கேக்குல கஷ்டம் என்னன்னா, செய்றது இல்ல. கொண்டுபோய்ச் சேக்குறதுதான். ஒரு குலுக்கல்ல மூணாவது அடுக்கு…"

அவள் மூச்சை இழுத்தாள். "கண்ண ரோட்டுல வைங்க. என் கழுத்துல ஒண்ணும் எழுதியில்ல."

பின்னாலிருந்து கணவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, அம்மா என்ன சொல்றாங்கன்னா, நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. அப்பப்ப ரோட்டையும் பாத்துக்கிட்டா இன்னும் நல்லாருக்கும்னு சொல்றாங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படிச் சொல்லலயாம்" என்றார் அவர், நேர்மையாக.

"கியர மாத்துங்க. வண்டி அழுவுது, காது கேக்கலயா?"

"கியரைப் பத்தி ஏதோ அபிப்பிராயப்படுறாங்க தம்பி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி வரத்தில் தண்ணீர் கலந்து கொடுத்தார். அவள் ஒரு வார்த்தைக்கு மூச்சு சேர்த்து, அது வெளியே வந்து, பின் சீட்டில் மரியாதை பூசிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் திரும்ப வேண்டிய தெரு பின்னால் போயிருக்கும். தினமும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள், அது போதும். ஃபோன் மேஜைக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே உள்ளே ஏதோ செத்துப்போவது போல இருந்தது.

வம்பு ஒரு மண் லாரி வடிவத்தில் வந்தது. கட்டடம் கட்டுகிற இடத்தில் லாரி மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றச் சொல்ல அவள் மூச்சு சேர்ப்பதற்குள் புழுதி உள்ளே வந்துவிட்டது. தூசி போகாமல் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தாண்டித் துளைக்குள் போனது. இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வால்வு தெறித்து, முன் கண்ணாடியில் மோதி, கேக் கடைக்காரரின் காலடியில் போய் விழுந்தது.

"இருங்க மேடம், நான் எடுத்துத் தரேன்" என்று அவர் குனிந்தார். ஓடுகிற காரில், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, குனிந்தார்.

"மிதிச்சிடாதீங்க தம்பி, பாத்து, பாத்து" என்று கணவரும் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நுழைத்துக் கீழே தேடினார்.

அந்தக் காரில் அப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். எதிரே ஓரமாக ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, கழுத்திலிருந்து வெறும் காற்று புஸ்ஸென்று போனது. ஆனால் அதற்கு முன்பே அவள் கால் பிரேக்கை மிதித்துவிட்டிருந்தது, கை ஸ்டியரிங்கை வளைத்துவிட்டிருந்தது. கார் குலுங்கி நின்றது. லாரியின் பின்புறம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

கேக் கடைக்காரர் வால்வோடு நிமிர்ந்தார். "கிடைச்சிடுச்சு மேடம்" என்றவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. வால்வைப் பின் சீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். "நான் நடந்தே போயிடறேன் மேடம். உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவளுக்கு மூச்சுக்குக் குறைவில்லை. மூடி இல்லாதபோது மூச்சு தாராளமாகத்தான் வரும். பேச்சுதான் வராது. அத்தனை வசவும் ஊமை கண்ட கனவாக உள்ளேயே கிடந்து புழுங்கியது.

கொஞ்ச நேரத்தில் கணவரின் ஃபோன் அடித்தது. எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டார். முதலாளிதான்.

"மாமா, கேக் கடைக்காரர் பேசினாரு. தப்பு அவரு மேலதானாம். இருந்தாலும் எனக்கு வேணாம் மாமா. நீங்க அன்னிக்கே வந்து சொன்னீங்க, அவள ஃபோன்லயே உக்கார வைப்பா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதன்னு. நான்தான் அக்கா முறைச்சதுல பயந்துட்டேன். நாளைக்குக் கார விட்டுடச் சொல்லுங்க."

கணவர் இப்போதுதான் ஸ்பீக்கரை அணைத்தார்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். வால்வுக்காகக் கையை நீட்டினாள்.

"கீழ விழுந்தது. கழுவாம போடக்கூடாது" என்றார் அவர்.

அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. விரலால் துளையை அடைத்துக்கொண்டாள்.

"நீங்களா?" என்றாள். விரலை எடுத்து மூச்சு வாங்கி, மறுபடி அடைத்தாள். "ஊரே என்ன ஊமையாக்குது. நீங்களுமா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத ஒரு சத்தத்தில் பேசினார்.

"உனக்கு அடைச்சுக்கிச்சே, அந்த மத்தியானம் உனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? நீ நீலம் பாரிச்சுக் கிடந்த. வாசல்ல ஸ்கூல் கார் நிக்குது. சாவி என் கையில. எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன், யாராச்சும் வண்டி ஓட்டுவீங்களான்னு. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. கடைசில தபால்காரர்தான் ஓட்டிட்டு வந்தாரு. நடுரோட்டுல உனக்கு மறுபடி அடைச்சா யாரு ஓட்டுவா? கத்துக்க வந்தவனா? நானா?"

ஆம்புலன்சில்தான் போனோம் என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

விரல் துளையிலிருந்து தானாக இறங்கியது. கல்யாணமான புதிதில் அவர் ஒரு முறை கேட்டது நினைவுக்கு வந்தது, எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடேன் என்று. "உங்களுக்கு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல" என்று சிரித்தாள். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தன் மீதே எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது, அதற்கும் சத்தம் இல்லை.

"நீயே ஓட்டு. வீட்டுக்குப் போலாம்" என்றார் அவர், பழைய குரலில்.

அவள் தலையாட்டி மறுத்தாள். காலியாக இருந்த டிரைவர் சீட்டைத் தட்டிக் காட்டினாள். அவர் புரியாதது போல இருந்தார். மறுபடி தட்டினாள், இந்த முறை பலமாக. அவர் இறங்கிச் சுற்றி வந்து, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் போல நுனியில் உட்கார்ந்தார். அவள் சாவியை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பாடத்துக்கு எஞ்சின் தேவையில்லை.

விரலை வைத்தாள். "அவனுக்கு ஃபோன் போடுங்க. புதுசா ஒரு ஆள் சேந்திருக்காருன்னு சொல்லுங்க." மூச்சு வாங்கினாள். "அவரு படிச்சு முடிக்கிற வரைக்கும் கார் என்கிட்டதான்."

"நான் படிச்சு முடிச்சதும் நீ விட்டுடுவியா?"

"உங்களுக்கு ஓட்டத் தெரிஞ்சா, நான் எதுக்கு விடணும்? என்ன தூக்கிட்டுப் போகத்தான் பின்னாடி ஆள் இருக்கே."

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தார், எடுத்தார், தொடையில் துடைத்துக்கொண்டார், மறுபடி வைத்தார்.

"பயமா இருக்கும்மா" என்றார்.

அவள் ஒரு மூச்சு இழுத்து, விரலை வைத்தாள். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கும்தான். இடது கால கிளட்ச்சுல வைங்க."