மஞ்சளின் பக்கத்தில் வெள்ளை

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். வெந்நீர் வைத்துக் குளித்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைத்தான். நின்றபடியே டீ குடித்தான். சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அவனிடம் இருந்த சட்டைகள் எல்லாமே சாம்பல். துக்கத்துக்காக அல்ல, தொழிலுக்காக.

சாயத் தொழிற்சாலையில் அவனுக்கு ஷேடு பார்க்கிற வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டும், தொட்டியில் முக்கியெடுத்த துணியும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த அறையில் சுவர், மேஜை, நாற்காலி எல்லாமே சாம்பல். சட்டையில் நிறம் இருந்தால் அதன் சாயல் துணியில் அடிக்கும், கண் ஏமாந்துபோகும். மிஷின் என்ன எண் காட்டினாலும் மேனேஜர் கடைசியில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார். அங்கே அவனுக்குக் கழுகு என்று பெயர். வீட்டில் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. எதிரே கிடக்கும் சாவியை அவன் வீடு முழுக்கத் தேடும்போதெல்லாம், "வெளியில கழுகு, வீட்டுல வௌவால்" என்பாள் மனைவி.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

செருப்பை மாட்டும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் மச்சினி, மனைவியின் தங்கை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். தலைகூட வாரவில்லை.

"இன்னிக்கு லீவு போடுங்க மாமா. ஒண்ணு கேக்கணும்."

"டீ போடவா?"

"வேணாம். உட்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி அக்கா போன் பண்ணினா. கண்ணு மஞ்சளா இருக்கோன்னு அவளுக்கு ஒரு சந்தேகம். டாக்டர்கிட்ட போகணும்னு இருந்தாளாம். அப்புறம் சிரிக்கிறா. 'உன் மாமா பாத்துட்டாருடி, ஒண்ணுமில்லையாம். ஊருக்கே நிறம் பாத்துச் சொல்றவரு, அவரு சொன்னப்புறம் அப்பீல் ஏது'ங்கறா."

அவன் மாட்டியிருந்த செருப்பைக் கழற்றினான்.

"ரெண்டு மாசமா இதை முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. அம்மாகிட்டகூடச் சொல்லலை. நீங்க பேச்சுக்குத்தான் சொன்னீங்க, சரியாவே பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்பிட்டுப் போயிடறேன்."

மாமியார் தினமும் போன் செய்வாள். 'சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?' என்று அவனைக் கேட்க உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான். இப்போது ஒரு பொய் சொன்னால் அந்த போன் வந்துகொண்டே இருக்கும்.

"பாத்தேன்," என்றான். "நல்லாத்தான் பாத்தேன்."

அன்று சாயங்காலம் இதே மேஜையில் துணித்துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தான். வாடிக்கையாளர் திருப்பித் திருப்பி அனுப்பிய, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி குனிந்து கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். அவன் ஒரு துண்டை எடுத்து அவள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தான். நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது மஞ்சள். உன் கண்ணு பால் வெள்ளை. அடுத்த கேஸ்!" என்றான். அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய செய்தித்தாளை எடுத்தான்.

"இது என்ன நிறம்?"

"மஞ்சளிச்சுப் போயிருக்கு. ஏன்?"

மேஜை விளக்கைப் போட்டான். அலமாரியில் கிடந்த அந்த மஞ்சள் துண்டை எடுத்து வந்து தாளின் மேல் வைத்தான். "இப்பப் பாரு."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெளுப்பா தெரியுது."

"கண்ணு எதையும் தனியாப் பாக்காது. பக்கத்துல இருக்கறதோட ஒப்பிட்டுத்தான் பாக்கும். விளக்கோட மஞ்சளையும் மூளை தானாவே கழிச்சிடும். அன்னிக்கு ரெண்டும் சேந்துகிச்சு."

மச்சினியின் முகம் இளகியது. "அப்ப யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்கதானே மாமா? இதெல்லாம் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்க. அவ்வளவுதானே?"

தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல. முன்னாடியே தெரியும். வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் நான் சொல்றதே இதுதான். அழுத்தமான நிறத்துக்குப் பக்கத்துல வெச்சு எதையும் முடிவு பண்ணாதே, பகல் வெளிச்சத்துல இன்னொரு தடவை பாருன்னு. மறுநாள் நான் பாக்கலை. ஒரு தடவை பாஸ் பண்ணின துணியை நான் திரும்ப எடுத்துப் பாக்கறதில்லை."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அந்த மஞ்சள் துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அவ துணி இல்ல மாமா."

"ம்."

"அம்மாகிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது."

"சொல்லு."

"அதுக்கப்புறம் அவங்க உங்களோட பேச மாட்டாங்க."

"தெரியும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க, 'அவரைப் பாத்துக்கோங்கம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் அக்கா கண்ணை மூடினான்னு. அம்மா அப்ப அங்க இல்லவே இல்ல, கீழ மருந்து வாங்கிக்கிட்டிருந்தாங்க. நீங்கதான் இருந்தீங்க. உங்களை ஏதாவது சொன்னாளா? நல்லதோ கெட்டதோ, இதையும் ஒழுங்கா சொல்லிடுங்க."

மனைவி மன்னித்திருந்தால் அவனிடம் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும். சபித்திருந்தாலும் இருந்திருக்கும். இரண்டும் இல்லை. கடைசி நாள் காலை ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே, வெயில் வரும் பக்கமாக அவன் நின்றிருந்தான். அவள் கண்ணைத் திறந்தாள். அவனை அடையாளம் தெரிந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவள் சொன்னதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், மச்சினியிடம் சொன்னான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."